இரண்டு ஆன்டிவைரஸ், தினமும் நீலத்திரை: ரேமை மாற்ற வேண்டுமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு சிறிய தணிக்கை அலுவலகத்தில் பணிபுரிகிறேன். அலுவலகத்தின் வின்டோஸ் 11 மடிக்கணினி இரண்டு வாரங்களாக நாளுக்கு இரண்டு மூன்று முறை நீலத்திரை காட்டித் தானாகவே மறுபடி துவங்குகிறது. சும்மா திறந்திருந்தால் ஒன்றும் ஆவதில்லை. கணக்குக் கோப்புகளைப் பென் டிரைவுக்கு நகலெடுக்கும்போது, பச்சைப் பட்டை பாதி வரை நகர்ந்த நிலையில், நின்றுவிடுகிறது. திரையில் 'சிஸ்டம் சர்வீஸ் எக்ஸெப்ஷன்' என்று வருகிறது. கணினியோடு வந்த ஆன்டிவைரஸின் சந்தா முடிந்ததால் வேறொன்றை வாங்கி நிறுவினோம். பழையதை நீக்காமல் 'ஆஃப்' மட்டும் செய்திருக்கிறோம். பழுது பார்ப்பவர் ரேம் போய்விட்டது என்கிறார். 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தாக்கல் இருப்பதால் கவலையாக உள்ளது. ரேமை மாற்றிவிடலாமா?

பதில் 1:
வணக்கம். ரேமுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். சி டிரைவில் வின்டோஸ் ஃபோல்டருக்குள் 'மினிடம்ப்' என்ற ஃபோல்டர் இருக்கும்; நீலத்திரை வரும்போது நடந்ததன் பதிவு அதில் சேமிக்கப்படும். அதிலுள்ள கோப்புகளை 'புளூஸ்கிரீன்வியூ' என்னும் இலவச மென்பொருளில் திறந்தால், ஒவ்வொரு முறையும் எந்த டிரைவர் (வின்டோஸோடு சேர்ந்து இயங்கும் துணை நிரல்) மீது சந்தேகம் என்பது தெரியும். ரேம் பழுதென்றால் பெரும்பாலும் பிழையும் டிரைவர் பெயரும் முறைக்கு முறை மாறும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிரைவரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

'ஆஃப்' செய்தது போதாது என்பதே என் கருத்து. ஆன்டிவைரஸ், கோப்புகளைச் சோதிக்கும் தன் ஃபில்டர் டிரைவரை வின்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் வைத்திருக்கிறது. ஒரு கோப்பைத் திறந்தாலும் எழுதினாலும் அந்தக் கோரிக்கை அதன் வழியாகத்தான் போகும். ஐகானை அணைத்தாலும் டிரைவர் அங்கேயே இருக்கலாம். அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'எஃப்எல்டிஎம்சி' (fltmc) என்ற கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் கொடுங்கள். வரும் பட்டியலில் 'ஆல்டிட்யூடு' (டிரைவரின் அடுக்கு வரிசையைக் காட்டும்) எண் 320000 முதல் 329998 வரை உள்ளவை ஆன்டிவைரஸ் டிரைவர்கள். எத்தனை இருக்கின்றன என்று எழுதுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. ஐந்து கோப்புகளில் நான்கில் பழைய ஆன்டிவைரஸின் டிரைவர் பெயரே வருகிறது. கட்டளையின் பட்டியலிலும் பழையது, புதியது இரண்டும் இருக்கின்றன. அணைத்துவிட்டோம் என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தோம்.

பதில் 1:
அப்படியானால் ரேமைத் தொட வேண்டாம். பழைய நிறுவனத்தின் தளத்திலிருந்து அதன் நீக்கும் கருவியை முதலிலேயே இறக்கி வையுங்கள். அதை ஓட்ட வேண்டியது சேஃப் மோடில், அதாவது அவசியமானவை மட்டும் இயங்கும் நிலையில்; சாதாரணச் சேஃப் மோடில் இணையம் இருக்காது. பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகச் சென்று மறுபடி துவங்கியதும் 4-ஐ அழுத்துங்கள். சேஃப் மோடில் கருவியை ஓட்டிவிட்டு, வழக்கம்போல் துவக்கி, அதே கட்டளையை இன்னொரு முறை கொடுத்துப் பாருங்கள்.

பதில் 2:
ஒரு முக்கியமான எச்சரிக்கை. டிரைவைப் பூட்டி வைக்கும் வின்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இயக்கத்தில் இருந்தால் சேஃப் மோடுக்குப் போகும் வழியில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அதை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து முன்னதாகவே எழுதி வையுங்கள். அது இல்லாமல் தவித்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். சந்தா முடிந்த ஆன்டிவைரஸை விட்டுவைப்பதும் ஆபத்தே, ஏனெனில் வின்டோஸ் மாறிக்கொண்டே இருக்க, அது பழைய நிலையிலேயே நிற்கக்கூடும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டபோது, சில ஆன்டிவைரஸ்கள் கெர்னல் நினைவகத்தை அனுமதியற்ற முறையில் அணுகியதால் நீலத்திரை வந்தது. எனவே, தான் அந்தத் திருத்தத்தோடு பொருந்துவதாக ஆன்டிவைரஸ், வின்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் குறித்த பிறகே அந்தக் கணினிகளுக்குத் திருத்தம் வழங்கப்பட்டது.

கேட்டவர்:
மீட்பு எண்ணைக் கேட்கத்தான் செய்தது; எழுதி வைத்திருந்ததால் தப்பித்தோம். பழைய ஆன்டிவைரஸ் முழுவதும் நீங்கி, பட்டியலில் இப்போது புதியது மட்டுமே இருக்கிறது. பதினான்கு ஜிபி கோப்புகளைப் பென் டிரைவுக்கு இரண்டு முறை நகலெடுத்தும் மூன்று நாட்களாக நீலத்திரை வரவில்லை. இருவருக்கும் அலுவலகத்தின் சார்பில் நன்றி.