மூளை இரத்தக்கசிவுக்குப் பின் அழற்சி: ஸ்கேனில் எதை நம்பலாம்?

கதிர்_பட்டர்வொர்த்
வணக்கம். மூளைக்குள் இரத்தம் கசிந்து பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்கு ஐந்தாம், ஆறாம் நாளில் மயக்கம் கூடுகிறது. மறுபடி சிடி எடுத்தால் இரத்தக்கட்டு வளரவில்லை. சுற்றியுள்ள கருப்பு வளையம் மட்டும் அகன்றிருக்கிறது. அதில் அழற்சி எவ்வளவு என்று படத்திலேயே பிரிக்க முடியுமா? எங்களிடம் இருப்பது 1.5 டெஸ்லா (காந்த வலு) எம்ஆர்ஐ. பினாங்கில் இருந்துகொண்டு அழற்சிக்கான பெட் ஸ்கேனை (கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் படம்) யோசிக்கலாமா?

மீனா_செந்தூல்
தம்பி, சிடியில் தெரியும் கருப்பு வளையம் நீர்க்கோவை, அதாவது மூளைத் திசுவில் நீர் தேங்கிய வீக்கம். அழற்சி அதற்கு ஒரு காரணம்தான். முதல் சில மணி நேரத்தில் கட்டு சுருங்கிச் சீரத்தைப் பிழிந்து வெளியேற்றுகிறது. அடுத்த ஓரிரு நாளில் இரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினும், மூளையின் காவல் செல்களான மைக்ரோக்லியாவும், இரத்தத்தில் உள்ளது மூளைக்குள் கசியாமல் காக்கும் இரத்த–மூளைத் தடுப்பைக் கெடுக்கின்றன. பிறகு சிவப்பணுக்கள் சிதைந்து ஹீமோகுளோபினும் இரும்பும் கசிகின்றன. மூன்றுமே சிடியில் ஒரே கருப்புதான். அதனால் சிடியை மட்டும் வைத்து 'அழற்சி இவ்வளவு' என்று எழுதவே கூடாது.

ஆனால் அளவைச் சரியாக எடுத்தால் போக்கு தெரியும். அதே மெஷின், அதே தடிமன், அதே சாய்வு. விண்டோ (படத்தின் கருப்பு–வெள்ளை அமைப்பு) அகலம் 40, மையம் 40. வளையத்துக்குள் 5 முதல் 33 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு (சிடியில் அடர்த்தியின் அளவு) வரை உள்ளதை மட்டும் நீர்க்கோவையாக எண்ணுங்கள். நீளம், அகலம், உயரம் பெருக்கி இரண்டால் வகுக்கும் கணக்கு இரத்தக்கட்டுக்குப் பொருந்தும். கிழிந்த துணி போலப் பரவும் நீர்க்கோவைக்குப் பொருந்தாது. வெளி எல்லையை ஒவ்வொரு ஸ்லைஸிலும் வரைந்து, மொத்தத்திலிருந்து கட்டின் அளவைக் கழியுங்கள்.

இரண்டு இடத்தில் தவறும். நீண்டகால ரத்த அழுத்தக்காரர்களின் பழைய வெண்பகுதி மாற்றமும் அதே எண்ணில் விழும். முதல் நாள் படத்தோடும் எதிர்ப்பக்கத்தோடும் ஒப்பிடாமல் எண்ணாதீர்கள். இரண்டாவது, கட்டின் அடர்த்தி நாளாக ஆகக் குறையும். இரண்டாம் வாரத்தில் அதன் ஓரம் மூளையோடு கலந்துவிடுவதால், கட்டு சிறுத்து நீர்க்கோவை பெருத்தது போலத் தோன்றும்.

ரவி_பிரிக்பீல்ட்ஸ்
எம்ஆர்ஐ பக்கம் நான் சொல்கிறேன். எடுக்க வேண்டிய பட வரிசைகள்: டிஃப்யூஷன் (நீரின் அசைவு), எஸ்டபிள்யூஐ (ரத்தச் சுவடு), ஃப்ளேர் (நீர்க்கோவை), மருந்துக்கு முன் டி1 (அடிப்படைப் படம்), அப்புறம்தான் காண்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி மறுபடி டி1. டி1ஐ விடவே கூடாது. மூன்றாம் நாள் வாக்கில் கட்டில் உருவாகும் மெத்ஹீமோகுளோபின் (மாறிய ஹீமோகுளோபின்) டி1இல் தானாகவே வெள்ளையாகும். முன்–பின் படத்தைக் கழித்துப் பார்க்காவிட்டால் அதையே தடுப்புக் கசிவு என்று படித்துவிடுவோம். காண்ட்ராஸ்ட் மருந்தான கடோபியூட்ரால் கிலோவுக்கு 0.1 மி.லி., 60 கிலோ ஆளுக்கு 6 மி.லி. முதலில் சிறுநீரக ரத்தப் பரிசோதனை.

தடுப்பு எவ்வளவு கசிகிறது என்று அளக்க டைனமிக் வரிசை (மருந்து ஏறும்போது அடுத்தடுத்து எடுக்கும் படங்கள்) வேண்டும். இங்கே கசிவு மெல்லியது, ஐந்து நிமிடத்தில் அடங்காது. 10 முதல் 15 நிமிடம் ஓட்ட வேண்டும். மயக்கத்தில் உள்ளவர் தலையை ஆட்டினால் எண்கள் வீண். இருபக்கமும் பஞ்சு நிரப்பி, நிறுத்தாமல் எடுங்கள். கசிவு என்பது அழற்சியின் விளைவு, அதுவும் மறைமுகச் சாட்சிதான். முதல் வாரத்துக்குப் பிறகு காண்ட்ராஸ்ட் ஏற்றிய படத்தில் கட்டைச் சுற்றி மெல்லிய, வழுவழுப்பான வளையம் வெளுப்பது இயல்பு; சீழ்க்கட்டி என்று பதறத் தேவையில்லை. கட்டுக்குள் டிஃப்யூஷன் வெள்ளையாக இருப்பதும் ரத்தத்தாலேயே வரலாம், எஸ்டபிள்யூஐயோடு சேர்த்துப் படியுங்கள்.

ஃபெரூமாக்சிடால் இரும்புத் துகளால் மேக்ரோபேஜை (அழற்சியில் குப்பையை விழுங்கும் செல்) காட்டும் வழியைச் சிலர் கேட்பார்கள். இந்த நோய்க்கு அது பொறி: பழைய ரத்தமும் கருப்பு, துகளும் கருப்பு.

நியூக்_ஜார்ஜ்டவுன்
பெட் பற்றி. அழற்சியை நேரடியாக நெருங்குவது மைக்ரோக்லியா தூண்டப்படும்போது கூடும் டிஎஸ்பிஓ புரதத்தைப் பிடிக்கும் மருந்துகள். அவற்றில் பிகே11195 என்ற மருந்து கதிரியக்கக் கார்பன்-11ல் ஏறும். அரை ஆயுள் 20 நிமிடம், அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். டிபிஏ-714 போன்ற ஃப்ளூரின்-18 வகைக்கு 110 நிமிடம். கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் என்றால், இங்கே பினாங்குக்கு வந்து சேரும் கதிரியக்கம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். தரச்சோதனை நேரம் தனி.

புதிய வகை மருந்துகளுக்கு ஆர்எஸ்6971 மரபணுச் சோதனையும் (மருந்து டிஎஸ்பிஓவோடு பிணைவது ஆளுக்கு ஆள் மாறுவதைக் காட்டும்) முதலில் வேண்டும். அது பார்க்காமல் இரண்டு நோயாளிகளை ஒப்பிட்டால், பிணைப்பு குறைந்தவரை 'அழற்சி இல்லை' என்பீர்கள். டிஎஸ்பிஓ ஆஸ்ட்ரோசைட் என்ற மூளையின் துணைச் செல்லிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் உண்டு. ஆகவே ஆய்வுக்கு மட்டும். எஃப்டிஜி (கதிரியக்கக் குளுக்கோஸ்) இதற்கு வேண்டாம், மூளை தானே குளுக்கோஸைக் குடிக்கும்.

கதிர்_பட்டர்வொர்த்
புரிகிறது. வளையம் பெரிதானால் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்று வார்டில் கேட்கிறார்கள், மீனாக்கா.

மீனா_செந்தூல்
வேண்டாம் தம்பி. 1987இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் பலன் இல்லை, தொற்றும் சர்க்கரைச் சிக்கலும் கூடின. அமெரிக்க இதயச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலும் மூளை அழுத்தத்துக்கு ஸ்டீராய்டு கூடாது என்கிறது. மயக்கம் கூடினால் வளையத்தின் மேல் பழி போடுமுன் வெண்ட்ரிக்கிள் (மூளையின் நீர் அறை) விரிந்திருக்கிறதா என்று அதே சிடியில் பாருங்கள். சோடியம், காய்ச்சல், ஈஈஜி (மூளை மின்அலைப் பதிவு) மூன்றையும் அன்றைக்கே கேளுங்கள். ரிப்போர்ட்டில் கட்டின் அளவு, நீர்க்கோவையின் அளவு, நடுக்கோட்டு நகர்வு மில்லிமீட்டரில், எத்தனையாவது நாள். 'அழற்சி' என்ற சொல் வேண்டாம்.