கார் சாவி உள்ள போகுது, திரும்ப மாட்டேங்குது. லாக் செட்டையே மாத்தணுமா? (கிருஷ்ணகிரி)

பழையபேட்டை பையன்:
வண்டி 2012 மாடல் டீசல், மேனுவல் கியர். 1,46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. அப்பா வாங்கினது, இப்ப பெரும்பாலும் நான்தான் ஓட்டுறேன்.

மூணு வாரமா ஒரே தொல்லை. சாவி முழுசா உள்ள போகுது, ஆனா லாக்லேர்ந்து ஒரு நூல்கூடத் திரும்ப மாட்டேங்குது. உருவி உருவிப் போட்டு பத்துப் பதினஞ்சு தடவை ஆட்டினா சட்டுனு திரும்பிடுது. திரும்பிட்டா ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட். நேத்து ஏழு மணிக்கு தர்மபுரி கிளம்பணும், அரை மணி நேரம் சாவியோட மல்லுக்கட்டினேன். அப்பா பொறுமை போய் கொறடைத் தூக்கிட்டு வந்துட்டாரு. கையைப் பிடிச்சு நிறுத்துறதுக்குள்ள எனக்கு வேர்த்துடுச்சு.

சர்வீஸ்ல காட்டினேன். கதவு, டிக்கி, இக்னிஷன் மூணும் சேர்த்து செட்டாத்தான் மாத்தணும், சாவி கோடிங் தனின்னு 14,000 ரூபா சொல்றாங்க. வேற வழியே இல்லையா?

ராயக்கோட்டை ரோடு:
ப்ரோ, முதல்ல ஸ்டீயரிங்கைப் பாருங்க. சாவியை எடுத்தப்புறம் ஸ்டீயரிங் கொஞ்சம் திரும்பினா, உள்ள ஒரு இரும்புத் தாழ் வந்து ஸ்டீயரிங் தண்டுல இருக்கிற பள்ளத்துல விழுந்துடும். திருட்டுக்குப் பயந்து வெச்சது. முன்சக்கரம் கல்லுல முட்டிக்கிட்டோ சரிவுல ஒரு பக்கமாத் திரும்பிக்கிட்டோ நின்னா, டயர் அந்தத் தண்டை ஒரு பக்கமா அழுத்திக்கிட்டே இருக்கும். தாழ் நெருக்கத்துல மாட்டிக்கும், சாவி அசையாது.

ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்க. ஒரு பக்கம் கல்லு மாதிரி நிக்கும், இன்னொரு பக்கம் கொஞ்சம் அசைஞ்சு கொடுக்கும். கொடுக்கிற பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கிட்டே சாவியை மெதுவாத் திருப்புங்க. கே.ஆர்.பி. டேம்கிட்ட இதே மாதிரி மாட்டிக்கிட்டு, டோயிங் வண்டிக்குப் போன் போட்டவன் நான். வந்த ஆளு பத்து செகண்ட்ல திறந்துட்டு வந்த காசை வாங்கிட்டுப் போயிட்டாரு.

பழையபேட்டை பையன்:
அதுவும் பாத்துட்டேன் அண்ணா. ஸ்டீயரிங் லாக் ஆகாம லூஸா ஆடுறப்பவும் சாவி திரும்பலை. வீட்டு வாசல் சமதளம்தான்.

ஓசூர் ஷிப்ட்:
டபிள்யூ.டி.-40 ஸ்ப்ரே அடிங்க. முடிஞ்சுது.

பாலக்கோடு வாத்தியார்:
அடிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள், செலவில்லாதது. வண்டி வாங்கும்போது கொடுத்த இரண்டாவது சாவி வீட்டில் எங்காவது இருக்கும். அதைப் போட்டுப் பாருங்கள்.

காரில் சாவி போடும் உருளைதான் பேரல். அதற்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் நூல் போல ஒரு ஸ்பிரிங். சாவியின் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்தில் நிறுத்தினால்தான் பேரல் சுற்றும். ஒரு தகடு கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றாலும் போதும், அசையாது. பத்து வருடம் தினமும் போட்டு எடுத்த சாவி தேய்ந்திருக்கும். பீரோவில் தூங்கிய சாவி தேய்ந்திருக்காது. புதியது சுலபமாகத் திரும்பினால் குற்றம் பெரும்பாலும் சாவியின் மேல்.

பழையபேட்டை பையன்:
சார், அம்மா பீரோவுல இருந்துச்சு, நகைச் சீட்டு ரசீதுங்களோட. ரெண்டையும் ஒட்டவெச்சு வெளிச்சத்துல பாத்தேன். நான் யூஸ் பண்ற சாவியோட முனையெல்லாம் தேஞ்ச சோப்பு மாதிரி மழுங்கியிருக்கு.

ஆனா புதுச் சாவி பத்துல ஆறு தடவைதான் திரும்புது. அதாவது பாதிதான் தீர்ந்திருக்கு.

நாலுரோடு மெக்கானிக்:
தம்பி, மூணு கேள்வி. எந்த நேரத்துல மாட்டுது? லாக்குக்குள்ள யாராச்சும் எதையாச்சும் ஊத்தினீங்களா? சாவி வெளிய வர்றப்ப கையில ஏதாச்சும் ஒட்டுதா?

பழையபேட்டை பையன்:
நீங்க கேட்டப்புறம்தான் யோசிச்சேன் அண்ணா. காலையிலதான் மாட்டுது. மத்தியானம் வெயில்ல நின்ன வண்டியில ஒரு தடவைகூட மாட்டலை! நான் இது என் அவசரத்தோட ராசின்னு நெனச்சிட்டிருந்தேன்.

ஊத்தினது: ஆடி மாசம் காத்துல மண்ணு போய் சாவி கறகறன்னு இருந்துச்சு. அப்பா நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டாரு. அதுக்கப்புறம் மாசக்கணக்கா வழவழன்னு நல்லாத்தான் போச்சு.

சாவியைத் துடைச்சுப் பாத்தேன். சாம்பல் கலர்ல மை மாதிரி வருது. எங்க தெருவுக்குப் பின்னாடி கிரானைட் பாலிஷ் பட்டறை ஒண்ணு இருக்கு, அந்தத் தூசியா இருக்குமோ?

நாலுரோடு மெக்கானிக்:
இப்ப மார்கழி. உங்க பாத்ரூம்ல எண்ணெய் பாட்டில் காலையில எப்படி இருக்குன்னு போய்ப் பாருப்பா. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சுடும். பாட்டிலுக்குள்ள உறையறது பேரலுக்குள்ள உறையாதா? தகட்டை மேல தள்ளுற அந்த நூல் ஸ்பிரிங்குக்கு எவ்வளவு பலம் இருக்கும்? உறைஞ்ச எண்ணெயும் கல்லுத் தூளும் சேந்து பேஸ்டா நிக்குது, தகடு வந்த இடத்துலயே ஒட்டிக்குது. வெயில் ஏறினா இளகிடுது. அதான் மத்தியானம் நல்லபுள்ளையா இருக்கு. அதுக்கு மேல சாவி வேற தேஞ்சிருக்கு, வாத்தியார் சொன்னது சரி. ரெண்டும் சேந்துதான் உன்னை அரை மணி நேரம் உக்கார வெச்சுது.

லாக் செட் இப்ப வேண்டாம். நீயே பண்ணலாம். பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டு. எலக்ட்ரிக்கல் கடையில கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கேளு, மெல்லிய குழாய் வெச்சு வரும். வண்டிக் கதவு நாலையும் திறந்து வை, அது தீப்பிடிக்கிற சரக்கு, பீடி சிகரெட் பக்கத்துல வரக்கூடாது. சாவித் துவாரத்துல குழாயை விட்டு சின்னதா ரெண்டு அடி. ரொம்ப அடிக்காதே, பேரலுக்குப் பின்னாடி கரண்ட் சுவிட்ச் இருக்கு, அதுல இருக்கிற கிரீஸும் கரைஞ்சுடும். புதுச் சாவியைப் போட்டு எடு, துணியில துடை, திரும்பப் போடு. திருகாதே, போட்டு எடுக்கிறது மட்டும். இருபது தடவை. மறுபடி ரெண்டு அடி. சாவி சுத்தமா வெளிய வர்ற வரைக்கும் இதான் வேலை. அப்புறம் அரை மணி நேரம் காய விட்டுட்டு பேட்டரியை மாட்டு.

காஞ்சப்புறம் வழவழப்புக்கு எண்ணெய்க்குப் பதிலா கிராஃபைட் பவுடர், ஒரு சிட்டிகைகூட வேண்டாம். சாவியில தடவிப் போட்டு எடு, போதும். எண்ணெய் இருக்கிற லாக்குல கிராஃபைட்டைப் போடாதே, அது இன்னொரு பேஸ்ட்.

ஓசூர் ஷிப்ட்:
அப்ப டபிள்யூ.டி.-40 தப்பா அண்ணா? நான் வருஷக்கணக்கா அடிக்கிறேன்.

நாலுரோடு மெக்கானிக்:
அழுக்கைக் கரைக்க நல்லது. அதையே லூப்ரிகேஷன்னு நெனச்சு விட்டுட்டுப் போறதுதான் தப்பு. மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலம் நிக்கும், நம்ம ஊர்த் தூசி அதுல வந்து உக்காரும். உன் லாக் நல்லா இருந்தா நீ கொடுத்து வெச்சவன்.

ராயக்கோட்டை ரோடு:
பென்சிலைச் சுரண்டிப் போடலாமா?

பாலக்கோடு வாத்தியார்:
அவசரத்துக்குச் சாவியில் தேய்க்கலாம். பென்சில் முனையில் கிராஃபைட்டோடு களிமண்ணும் உண்டு. அதைச் சுரண்டி உள்ளே கொட்ட வேண்டாம்.

தம்பி, இன்னொன்று. தேய்ந்த சாவியைக் கொடுத்து டூப்ளிகேட் வெட்டாதீர்கள், தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். இரண்டாவது சாவியோடு சின்னத் தகட்டில் ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை வைத்து அசல் அளவிலேயே வெட்டலாம். இருந்தால் அதன் படத்தை இங்கே போட்டுவிடாதீர்கள், யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். இம்மொபிலைசர் (சரியான சிப் இல்லாமல் என்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டியென்றால் சாவிப் பிடிக்குள் சிப் இருக்கும். சிப் இல்லாத சாவி கதவைத் திறக்கும், பேரலையும் திருப்பும், என்ஜின் மட்டும் ஓடாது. பழைய சாவியின் சிப்பை எடுத்துப் புதியதில் பொருத்தித் தருவார்கள்.

தொப்பூர் இறக்கம்:
லேட்டா வரேன். சாவிக்கொத்து எவ்வளவு பெரிசு? வீட்டுச் சாவி, கடைச் சாவி, பாட்டில் ஓப்பனர், சாமி டாலர்னு அரைக் கிலோ தொங்குனா பேரல் சீக்கிரம் தேயும். 2014-ல அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இக்னிஷன் சுவிட்சுக்காகவே 26 லட்சம் காரைத் திரும்ப வரவழைச்சுச் சரிபண்ண வேண்டி வந்துச்சு. கொத்தோட கனத்துல, இல்ல ஒரு குலுக்கல்ல, ஓடுறப்பவே சாவி நழுவி என்ஜின் நின்னுச்சு, ஏர்பேக்கும் விரியலை. 124 பேர் செத்தாங்க. சரிபண்ற வரைக்கும் ஒத்தைச் சாவியை மட்டும் போட்டு ஓட்டுங்கன்னு கம்பெனியே சொல்லிச்சு.

நம்ம ஆளுங்க தொப்பூர் இறக்கத்துல டீசல் மிச்சம்னு வேணும்னே என்ஜினை நிறுத்துறாங்க! பிரேக்கை லேசா மிதிக்க உதவுறது பிரேக் பூஸ்டர்; என்ஜின் நின்னா அதுல ரெண்டு மூணு மிதிக்குத்தான் வேக்குவம் இருக்கும். சாவியையும் உருவிட்டா ஸ்டீயரிங் பூட்டிக்கும்.

நாலுரோடு மெக்கானிக்:
சரியாச் சொன்னீங்க. தம்பி, கிளீன் பண்ணியும் புதுச் சாவி மாட்டினா தகடு தேஞ்சிருக்குன்னு அர்த்தம். அப்பவும் பேரலை மட்டும் கழட்டி, தகட்டை மாத்தி, இதே சாவிக்கே செட் பண்ற ஆளுங்க இருக்காங்க. கதவு லாக்கைத் தொடவே வேண்டாம். பேரல் வாயைச் சுத்தி பிளாஸ்டிக் வளையம் ஒண்ணு இருக்கும், சிப்பைப் படிக்கிறது அதுதான், உடைக்காமக் கழட்டச் சொல்லு.

பழையபேட்டை பையன்:
ஞாயித்துக்கிழமை பண்ணிட்டேன். முதல் ரவுண்டுல சாவியில வந்ததைப் பாத்து எனக்கே அருவருப்பு. மாவாட்டின கல்லைக் கழுவின தண்ணி மாதிரி கட்டியா, சாம்பல் நிறத்துல, லேசா தேங்காய் எண்ணெய் வாசம் வேற. அஞ்சாவது ரவுண்டுலதான் துணி வெள்ளையாவே இருந்துச்சு. மொத்தச் செலவு 400 ரூபாய்க்குள்ள.

இன்னையோட நாலு நாள். நாலு நாளும் காலை ஆறரைக்குப் புதுச் சாவி முதல் தடவையிலயே திரும்புது. பழைய சாவி இன்னமும் மூணுல ஒரு தடவை முரண்டு பண்ணுது, அதைப் பீரோவுல வெச்சாச்சு. எண் தகடு கிடைச்சுது, படம் போடலை சார். அடுத்த வாரம் சாவி வெட்டக் கொடுக்கிறேன். கொத்துலேர்ந்து எல்லாத்தையும் கழட்டிட்டேன், டாலர் மட்டும் அம்மாவுக்காக டேஷ்போர்டுக்குப் போயிருக்கு.

அப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். "எண்ணெய் விட்டப்புறம் நாலஞ்சு மாசம் ஓடுச்சா இல்லையா?"ன்னு கேக்கிறாரு. அதே நாள்ல வாசல் கேட்டுப் பூட்டுக்கும் நாலு சொட்டு விட்டாராம். இன்னிக்குக் காலையில பால்காரர் வெளிய நிக்கிறாரு, பூட்டு திறக்கலை. இப்ப ஸ்ப்ரேயை எடுத்துக்கிட்டு அங்கதான் போறேன்.

ஓசூர் ஷிப்ட்:
வெயில் வர்ற வரைக்கும் பால்காரரைக் காத்திருக்கச் சொல்லுங்க.