70 டிகிரியில் காய்ந்துபோகும் அகார் தட்டுகள்: வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். வெந்நீர் ஊற்றுகளிலும் பாலைவன மண்ணிலும் வாழும் நுண்ணுயிரிகளை ஆய்வகத்தில் வளர்க்க முயன்று வருகிறேன். இவற்றில் பாலை மண் எளிதாகவே வசப்பட்டது. காய்ந்து கிடந்த மேலோட்டின் மீது ஒரு சொட்டு நீர் விட்ட சில நிமிடங்களில் அது பச்சை நிறம் கொள்வதையும், மைக்ரோகோலியஸ் என்னும் நீலப்பச்சைப் பாக்டீரியாவின் இழைகள் தம் உறையிலிருந்து மெல்ல நகர்ந்து வெளிவருவதையும் நுண்ணோக்கியில் கண்டபோது, நெடுநேரம் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

சிக்கல் வெந்நீர் உயிரிகளில்தான். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்றுகளில் கண்டறியப்பட்டு 1969-ல் தாமஸ் பிராக், ஹட்சன் ஃப்ரீஸ் இருவரும் விவரித்த, பின்னாளில் டி.என்.ஏ.வைப் பன்மடங்காக்கும் பி.சி.ஆர். முறைக்கு டாக் நொதியைத் தந்த தெர்மஸ் அக்குவாட்டிக்கஸ் என்னும் பாக்டீரியா, ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸில்தான் செழிக்கிறது. அந்த வெப்பத்தில் என் அகார் தட்டுகள் (நுண்ணுயிரிகளை வளர்க்கும் கடற்பாசிக் கூழ் ஊற்றிய தட்டுகள்) இரண்டே நாளில் ஓரம் சுருங்கிக் காய்கின்றன. பையில் இட்டு மூடினாலோ, மூடியில் கோத்த நீர் சொட்டிக் காலனிகள் (நுண்ணுயிரித் திரள்கள்) ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

அகாருக்குப் பதிலாக, வெப்பம் தாங்கும் கூழாக உறையும் ஜெலான் பிசினைப் பயன்படுத்தலாம் என்பதையும், அது உறுதியாக உறைய மக்னீசியம் அல்லது கால்சியம் உப்பு வேண்டும் என்பதையும் அறிவேன். ஜெலானையும் உப்பையும் எந்த அளவில் கலந்தால் கட்டி தட்டாமல் ஊற்ற முடியும், தட்டின் ஈரத்தை எவ்வாறு காப்பது என்பவற்றை, இத்தகைய தட்டுகளைக் கையாண்டவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து விளக்கினால் பேருதவியாக இருக்கும்.