மகனுக்குத் தலையில் அடி: வாற சனி மேட்ச் விளையாட விடலாமா?

உவர்மலை அம்மா:
மகனுக்கு 16 வயது, உதைபந்தாட்ட அணியில் கோல் கீப்பர். போன கிழமை பயிற்சியில் பாய்ந்து பந்து பிடிக்கேக்க கம்பத்தில் தலை அடிபட்டது. மயங்கவில்லை, கொஞ்ச நேரம் எங்க நிக்கிறன் என்று தெரியாமல் தடுமாறினான். சிடி ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்றார்கள். இப்ப ஆள் நல்லா இருக்கிறான், ஆனால் ரியூசனில் ஒரு மணித்தியாலம் இருந்தால் தலையிடிக்குதாம். வாற சனி மேட்ச். "ஸ்கேன் கிளியர்தானே" என்கிறார் கோச். இவரும் விடலாம் என்கிறார். எனக்கு மனமில்லை. எதை வைத்து முடிவெடுக்கிறது?

பிசியோ_திருமலை:
அக்கா, சனிக்கிழமை வேண்டாம். இதில் இரண்டாம் பேச்சே இல்லை.

சிடி ஸ்கேன் எடுப்பது மண்டையோட்டு வெடிப்பும் இரத்தக்கசிவும் இருக்கா என்று பார்க்க. கன்கஷனில், அதாவது அடிபட்டு மூளை குலுங்குவதில், குழம்புவது மூளைக் கலங்கள் வேலை செய்யும் விதம், அது ஸ்கேனில் விழாது. மயங்காததையும் நம்பாதீர்கள், பெரும்பாலானவர்கள் மயங்குவதில்லை. படிக்கும்போது தலையிடி வருகிறதென்றால் மூளை இன்னும் ஆறவில்லை. ஆறமுதல் இன்னொரு அடி, லேசாகப் பட்டாலும், குணமாகும் காலத்தை இழுத்துவிடும். மிக அரிதாக இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து வந்துவிடும்.

முதலில் படிப்பு, பிறகுதான் முழு விளையாட்டு. வகுப்பில் முழு நாளும் தலையிடியில்லாமல் இருக்க வேண்டும். அதுவரை ரியூசனை 30 நிமிடமாக வெட்டி, இடையில் ஓய்வு கொடுங்கள்.

விளையாட்டுக்கு 2022 அம்ஸ்டர்டாம் மாநாட்டில் நிபுணர்கள் உடன்பட்ட 6 படிகள் இருக்கு. முதல் படி வழமையான வீட்டு வேலை, நடை. இரண்டாவது வேகநடை அல்லது நிலைச்சைக்கிள். 220இல் வயதைக் கழித்தால் மகனின் உச்ச நாடித்துடிப்பு 204. அதில் 55 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 112 துடிப்பு வரை முதலில், பிறகு 70 சதவீதம், 143 வரை. மணிக்கட்டில் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். மூன்றாவது தனியாகப் பந்தோடு பயிற்சி. நாலாவது அணியோடு, ஆனால் மோதல் இல்லாமல். ஐந்தாவது முழுப் பயிற்சி. ஆறாவது மேட்ச்.

ஒரு படிக்குக் குறைந்தது 24 மணித்தியாலம். முதல் மூன்று படியில் தலையிடி பத்துக்கு இரண்டு புள்ளி மட்டும் கூடி ஒரு மணித்தியாலத்துக்குள் இறங்கினால் பரவாயில்லை. அதைவிடக் கூடினால் அன்றைக்கு நிறுத்தி, மறுநாள் பாருங்கள். நாலாவது படிக்குப் போக, கடும் உடற்பயிற்சிக்குப் பிறகும் அறிகுறி இருக்கவே கூடாது. டொக்டரின் அனுமதியும் வேணும்.

கடற்கரை வீதி:
இருட்டறையில் படுக்க வைத்து, ஃபோனையும் பறித்தால் கெதியாகச் சுகமாகுமே?

பிசியோ_திருமலை:
அது பழைய முறை. முதல் 24 முதல் 48 மணித்தியாலம் ஓய்வும் குறைந்த ஃபோனும் போதும். அதுக்குப் பிறகும் பிள்ளையைக் கட்டிலில் போட்டு வைத்தால் குணமாவது பிந்தும், மனமும் சோரும். மெல்ல நடக்க விடுங்கள்.

ஸ்போர்ட்ஸ் சேர்:
கோல் கீப்பர் என்றபடியால் ஒன்று சொல்கிறேன். மூன்றாம் படியில் நின்றபடி பந்து பிடிப்பதும் உதைப்பதும் மட்டும். பாய்ந்து விழுவது கூடாது, தோள் நிலத்தில் இடிக்கும்போது தலையும் குலுங்கும். கோர்னர் பந்துக்குக் கூட்டத்துக்குள் எழும்புவது ஐந்தாம் படியில்தான். பயிற்சிக்கு காலை ஆறரைக்கு வரச் சொல்லுங்கள். இப்ப அடிக்கிற வெயிலில் தண்ணீர் குறைந்தாலே தலையிடிக்கும், பிறகு எது எதனால் வந்ததென்று பிரிக்க ஏலாது. ஆரம்ப நடைக்கு டச்பே கடற்கரை மணலை விட்டுவிட்டு சமதரை வீதியைப் பாருங்கள், மணலில் நாடித்துடிப்பு சட்டென்று ஏறிவிடும்.

பிள்ளைகள் மறைப்பார்கள். "தலையிடிக்குதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். பயிற்சிக்கு முன், பின், மறுநாள் காலை என்று தலையிடிக்கு 0 முதல் 10 வரை எழுதச் சொல்லுங்கள். நித்திரை, எரிச்சல், வெளிச்சம் கூசுவது எல்லாம் நீங்களே கவனிக்க வேண்டியது. பனடோல் போட்டுவிட்டு வந்து "தலையிடி இல்லை" என்று சொல்வது கணக்கில் வராது.

நிலாவெளி நேர்ஸ்:
சத்தி திரும்பத் திரும்ப வந்தால், தலையிடி கூடிக்கொண்டே போனால், வலிப்பு, இரட்டையாகத் தெரிதல், கைகால் பலமின்மை, எழுப்பக் கஷ்டமான தூக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அடியுங்கள். முழுதாகச் சுகமாகும்வரை தனியாகக் கடல் குளிப்பும் சைக்கிளும் வேண்டாம். தலைக்கவசம் போட்டு விளையாடட்டும் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். அது மண்டை வெடிப்பைக் குறைக்கும், கன்கஷனைத் தடுக்காது.

உவர்மலை அம்மா:
நன்றி. இவர் கேட்கிறார், அப்ப எந்தத் தேதி?

பிசியோ_திருமலை:
அண்ணாவுக்குச் சொல்லுங்கள், இப்பவே தேதி குறிக்க ஏலாது. பிரித்தானியாவின் 2023 சமூக விளையாட்டு வழிகாட்டலில் அடிபட்டு 21 நாளுக்கு முன் போட்டி இல்லை. மோதல் பயிற்சிக்கு முன் ஓய்வில் அறிகுறியே இல்லாமல் 14 நாள் கடக்க வேணும். மகனுக்கு இன்னும் தலையிடி வருகிறபடியால் அந்த 14ஐ எண்ணத் தொடங்காதீர்கள். நாலு கிழமை தாண்டியும் இருந்தால் மறுபடி டொக்டரிடம். அனுமதிக் கடிதம் வாங்கும்போது "பாடசாலை போகலாம்" என்றதோடு நிற்காமல் "மோதல் உள்ள பயிற்சிக்கு அனுமதி" என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கோச் கையில் அதன் பிரதி ஒன்று இருக்கட்டும்.