புதுப்பிப்பு: தனி ஐபியா, பகிர்வு ஐபியா? முடிவெடுத்துவிட்டோம்

எங்கள் புத்தகக் கடையின் மாத மடல் பலருக்கு ஸ்பேம் பெட்டியில் போய் விழுகிறது, எங்களுக்கு மட்டுமேயான தனி ஐபி முகவரி (மடலை அனுப்பும் கணினியை இணையத்தில் அடையாளம் காட்டும் எண்) வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. வாங்கவில்லை, மடல் அனுப்பும் சேவையின் பல வாடிக்கையாளர்கள் சேர்ந்து பயன்படுத்தும் பகிர்வு ஐபியிலேயே தொடர்கிறோம்.

புதிய தனி ஐபிக்கு நற்பெயர் என்று எதுவும் இருக்காது. சில வாரங்கள் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அதன் பிறகும் தொய்வில்லாமல் அனுப்பினால்தான் ஜிமெயில் போன்றவை அதை நம்பத் தொடங்கும். மாதம் ஒருமுறை சில ஆயிரம் மடல்கள் அனுப்பும் கடைக்கு அது கட்டுப்படியாகாது. நாள்தோறும் ரசீதும் ஓடிபியுமாகப் பல்லாயிரம் அனுப்புகிறவர்களுக்குத் தனி ஐபி பொருந்தும்.

கோளாறு ஐபியிலேயே இல்லை. ஸ்பேமில் கிடந்த ஒரு மடலின் மூல வடிவத்தைத் திறந்து பார்த்தேன். எஸ்பிஎஃப் (அனுப்பிய கணினிக்கு அனுமதி உண்டா என்ற சோதனை) தேர்ச்சி, டிகேஐஎம் (மடலின் மின்கையொப்பச் சோதனை) தேர்ச்சி, டிமார்க் (இவற்றில் ஒன்றாவது அனுப்புநர் முகவரியில் தெரியும் டொமைனோடு, அதாவது தளப்பெயரோடு, பொருந்துகிறதா என்ற சோதனை) மட்டும் தோல்வி! கையொப்பத்தில் எங்கள் டொமைன் இருக்க வேண்டிய இடத்தில் அனுப்பும் சேவையின் டொமைன் இருந்தது. எங்கள் டொமைனின் விவரங்கள் இருக்கும் டிஎன்எஸ்ஸில் சேவை தந்த பதிவுகளைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. நெடுங்காலம் திறக்காத முகவரிகளையும் நீக்கினோம். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் ஸ்பேம் புகார் (பெறுபவர்கள் மடலை ஸ்பேம் என்று குறிப்பது) 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கின்றன. எந்த ஐபியானாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

பகிர்வு ஐபியில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: ஸ்பேம் அனுப்பும் வாடிக்கையாளரை உங்கள் சேவை எவ்வளவு விரைவில் வெளியேற்றுகிறது?