10,000 மரக்கன்றுக்கு நிறுவனம் பணம் தருகிறது: ஒப்பந்தத்தில் எதை எழுதுவது?

மலைக்காற்று (கேள்வி):
ஊர்க்குழுவின் பொறுப்பில் காட்டை ஒட்டி 4 ஹெக்டேர் நிலம் இருக்கிறது. முன்பு காடாக இருந்து வெட்டப்பட்ட இடம், இப்போது ஆளுயரப் புல் மண்டிக் கிடக்கிறது. 10,000 கன்றுக்கான முழுச்செலவையும் ஏற்க ஒரு நிறுவனம் முன்வந்திருக்கிறது. எண்ணிக்கை குறையக்கூடாது, ஊழியர்கள் 200 பேர் ஒரே நாளில் நட வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. எங்களுக்கு வேண்டியது பறவையும் விலங்கும் திரும்பி வரும் காடு. எத்தனை கன்று சரி? நடவு நாளை எப்படி நடத்துவது? ஒப்பந்தத்தில் எதை விடாமல் எழுதுவது?

அடிமண்:
10,000 என்பதை ஓரமாக வையுங்கள். எத்தனை நடவேண்டும் என்பதை நிலம்தான் சொல்லும்.

நிலத்தில் பரவலாகக் குறைந்தது 10 இடங்களில் குச்சி நட்டு, 5 மீட்டர் கயிறு கட்டி வட்டம் போடுங்கள். புல்லை விலக்கி, உள்ளே தானாக முளைத்து 50 செ.மீ.க்கு மேல் வளர்ந்த மரக்கன்றுகளையும், துளிர்விடும் அடிக்கட்டைகளையும் எண்ணுங்கள். இரண்டு மூன்று ஆண்டில் நிழல் கூடிப் புல் அடங்க, ஹெக்டேருக்குச் சுமார் 3,100 கன்று வேண்டும். அதாவது வட்டத்துக்கு 25. சராசரி அதைத் தொட்டால் நடவே வேண்டாம். புல்லை மிதித்துச் சாய்த்து, மேய்ச்சலையும் தீயையும் தடுத்தால் போதும். சராசரி 12 என்றால் ஹெக்டேருக்கு 1,500 கன்று ஏற்கெனவே இருக்கிறது. மீதி 1,600, உங்கள் 4 ஹெக்டேருக்கு 6,400. இந்தக் கணக்கைத் தாளில் போட்டு நிறுவனத்திடம் காட்டுங்கள். குறைந்த கன்றுகளின் செலவு பராமரிப்புக்குப் போகட்டும்.

இன்னொன்று. உங்கள் இடம் காடாக இருந்தது என்பதால்தான் இத்தனையும் சொல்கிறேன். தொன்றுதொட்டுப் புல்வெளியாகவே இருந்த நிலத்தில் மரம் நட்டால், அங்கேயே வாழும் உயிர்களின் வீட்டைப் பறிக்கிறோம்.

நாற்றங்கால்:
கன்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்களா? விதை சேகரித்து, முளைக்கவைத்து, நடவுக்குத் தயாராக்க பல இனங்களுக்கு 12 முதல் 18 மாதம் ஆகும். "அடுத்த மாதமே நடவு" என்றால் கையிருப்பில் உள்ள, வேகமாக வளரும் இரண்டு மூன்று அயல் மரங்கள்தான் லாரியில் வந்து இறங்கும். காட்டுயிருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தொடங்கி, வடதாய்லாந்தில் சியாங் மாய் பல்கலைக்கழகக் குழு செம்மைப்படுத்திய முறை இதற்குப் பொருந்தும். அந்தக் காட்டுக்கே உரிய 20 முதல் 30 இனங்களை, விரைந்து நிழல் தருபவையும் நிதானமாக வளர்பவையுமாக, 1.8 மீட்டர் இடைவெளியில் கலந்து நடுவார்கள். இளவயதிலேயே பூவும் பழமும் தருபவற்றுக்கு முன்னுரிமை. அத்தி இனங்களைக் கட்டாயம் சேருங்கள். பழம் தின்ன வரும் பறவையும் வவ்வாலும் எச்சத்தில் கொண்டுவரும் விதைகள்தான் நாம் நடாத மரங்களை முளைக்க வைக்கும். ஆனால் விதை கொண்டுவர அருகில் காடு மிச்சம் இருக்க வேண்டும், உங்களுக்கு அது இருக்கிறது.

நடவு நாளில் கன்று சாவதற்கான காரணங்கள் எல்லாம் சிறியவை. பையைக் கிழிக்காமல் அப்படியே புதைப்பார்கள். தண்டைப் பிடித்துத் தூக்கும்போது வேரைச் சுற்றிய தாய்மண் உதிர்ந்துவிடும். பையின் அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சில ஆண்டு கழித்துக் காற்றில் சாயும். தண்டும் வேரும் சேரும் கழுத்து தரைமட்டத்தில் நிற்க வேண்டும். ஆழமாகப் புதைந்தால் அழுகும், மேலே நின்றால் காயும். மண் போட்டபின் உள்ளங்கையால் அழுத்துங்கள், தண்டை மெல்ல இழுத்தால் அசையக்கூடாது.

30 செ.மீ. குழிகளை முன்கூட்டியே வெட்டி, பக்கத்தில் கன்றை நிழலோடு வைத்துவிடுங்கள். பத்துப் பேருக்கு ஒரு பழகிய ஆள் மேற்பார்வை பார்க்கட்டும். 200 பேரிடம் 6,400 கன்று கொடுத்தால் தலைக்கு 32, அவசரத்தில் பாதி கெடும். ஆளுக்குப் பத்துப் போதும், மீதியை ஊர் ஆட்கள் கூலிக்கு அடுத்தடுத்த நாட்களில் நடட்டும்.

கணக்கன்:
ஒப்பந்தத்தின் உயிர்நாடி ஒரே வரி: நட்ட கன்றுக்கு அல்ல, உயிரோடு நிற்கும் கன்றுக்குப் பணம். துருக்கியில் 2019 நவம்பர் 11 அன்று 1.1 கோடி கன்று நட்டார்கள். சில மாதத்தில் 90 விழுக்காடு வரை பட்டுப்போனதாக வனத்துறைத் தொழிற்சங்கம் சொன்னது, அரசு மறுத்தது. தவறான பருவம், போதாத மழை என்பவை சங்கம் சொன்ன காரணங்கள்.

தொகையை மூன்றாண்டுக்குப் பிரியுங்கள். நாற்றங்காலுக்கும் நடவுக்கும் பாதி. மீதிப் பாதி, முதல் இரண்டு மழைக்காலமும் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை களையெடுப்பு, கன்றைச் சுற்றிக் காய்ந்த புல் சருகால் மூடாக்கு, கோடைக்கு முன் எல்லையைச் சுற்றி 6 முதல் 8 மீட்டர் அகலத்துக்குப் புல்லை அகற்றிய தீத்தடுப்புக் கோடு, மறுநடவு ஆகியவற்றுக்கு. பணம் தீர்வது பெரும்பாலும் களையெடுப்பில்தான். அதை யாரும் படம் எடுப்பதில்லை என்பதால் முதலில் வெட்டப்படும் செலவும் அதுதான்.

இனத்துக்கு 50 கன்றில் எண்ணிட்ட உலோகத் தகடு மாட்டுங்கள். நட்ட இரண்டு வாரத்திலும், முதல் மழைக்கால முடிவிலும், இரண்டாம் மழைக்கால முடிவிலும் உயரம், கழுத்துப் பருமன், இலைப்பரப்பின் அகலம் எடுங்கள். இன வாரியாகப் பிரித்தால்தான் மறுநடவில் எதை விடுவது என்று தெரியும்.

இனத்தேர்வும் நிலத்தின் உரிமையும் குழுவிடமே இருக்கும் என்று எழுதுங்கள். கார்பன் கணக்கை, அதாவது இந்த மரங்கள் உறிஞ்சும் கரியமில வாயுவைத் தன் பங்காகக் காட்டிக்கொள்ளும் உரிமையை, நிறுவனம் கோர நினைத்தால் தனி ஒப்பந்தம் கேளுங்கள்.

மலைக்காற்று:
வட்டக்கணக்கை இந்த வாரமே எடுக்கிறோம். ஒரு சிக்கல்: அவர்களுடைய நிறுவன நாள் கோடையில் வருகிறது, அன்றுதான் நட வேண்டும் என்கிறார்கள்.

நாற்றங்கால்:
கோடையில் நடவே கூடாது. அந்த நாளை வேறு வேலைக்குக் கொடுங்கள்: தீத்தடுப்புக் கோடு வெட்டலாம், தானாக வந்த கன்றுகளுக்குக் குச்சி கட்டி அடையாளமிடலாம், கிளையோடு கூடிய 3 மீட்டர் கம்புகளைப் பறவை உட்கார நட்டுவைக்கலாம். அடுத்த கோடையில் வந்து அதே கம்புகளின் அடியில் என்ன முளைத்திருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.