ஒரே கூட்டில் பல ரகக் கோழி

நாமக்கல், மோகனூர் பக்கத்திலிருந்து

எங்கள் வாசலில் நின்று பார்த்தால் மூன்று பக்கமும் பண்ணை ஷெட்தான். விடியக்காலை நாலு மணிக்கே லைட் போட்டு முட்டைக்கென்று வளர்க்கும் லேயர் கோழியை எழுப்பிவிடுவார்கள். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு வீட்டு முட்டைக்காகப் பத்துப் பன்னிரண்டு கோழி வளர்க்கிறேன் என்றால் சொந்தக்காரர்களே சிரிக்கிறார்கள். ஆறு வருஷமாகச் சிரிக்கிறார்கள். கிளம்பும்போது மறக்காமல் முட்டையும் கேட்கிறார்கள்.

முதலில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பண்ணையில் பழைய கோழிகளைக் கழித்து விற்கும்போது வீட்டுக்காரர் பத்துக் கோழி வாங்கி வந்தார். 72 வாரம் தாண்டிய வெள்ளைக் கோழி, விலை கொள்ளை மலிவு. "இன்னும் ஒரு வருஷம் முட்டை வெக்கும்" என்றார்கள்.

இறக்கிவிட்ட இடத்தை விட்டு அவை நகரவே இல்லை. அதுவரை கம்பியிலேயே நின்ற கால். மண்ணை மிதிக்கத் தெரியாமல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றன. அலகு வெட்டிய கோழி வேறு. எறும்பைக் கொத்தினால் எறும்பு தள்ளித்தான் போகும், வாய்க்குள் போகாது. இருட்டினால் கூட்டுக்குப் போகவேண்டும் என்பதும் தெரியாது. எங்கே நின்றதோ அங்கேயே உட்கார்ந்துவிடும். தினமும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூட்டுக்குள் வைப்பது என் வேலையாகிவிட்டது.

முதல் வாரம் தினமும் ஆறு முட்டை. எனக்கு ஒரே பெருமை. அப்புறம் பண்ணைத் தீவனத்தை நிறுத்திவிட்டுக் கம்பும் மிச்சச் சோறும் போட்டேன். பத்து நாளில் ஓடில்லாத தோல்முட்டை வர ஆரம்பித்தது. இரண்டு கோழிக்கு முட்டைக்குழல் வெளியே தள்ளிச் செத்தது. சிலது சுணங்கி நின்றே போயின. ஒரு ராத்திரி காட்டுப்பூனை வந்தது. மூன்றாம் மாதம் ஒன்றே ஒன்று மிச்சம். மாமியார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மிஷினைக் கொண்டாந்து காட்டுல விட்டா மேயுமா கண்ணு?"

அவரிடம் எப்போதும் சிறுவிடைதான், சின்ன உருவ நாட்டுக்கோழி. பருந்து நிழல் பட்டாலே புதருக்குள் பாயும், கரையான் புற்றைத் தானே தேடிக் கிளறும், மருந்து மாத்திரை என்று பெரிய செலவே வைக்காது. ஆனால் முட்டைக் கணக்கு என்று உட்கார்ந்தால் கஷ்டம்தான். 12, 14 முட்டை வைக்கும், உடனே அடை உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, அதற்குமேல் இரண்டு மாதமாவது குஞ்சோடு சுற்றும். வருஷத்துக்கு நாலு சுற்று, 50, 55 முட்டை. ஒரு ஆடி மாதம் ஐந்து கோழி வைத்துக்கொண்டு கடையில் முட்டை வாங்கினேன். அந்த வயிற்றெரிச்சலில்தான் கிராமப்ரியாக் குஞ்சு 15 வாங்கினேன்.

இது ஐதராபாத்தில் உள்ள மத்தியக் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் முட்டைக்கென்றே உருவாக்கிய ரகம். மேய்ச்சலில் வருஷத்துக்கு 160 முதல் 180 முட்டை என்று சொல்கிறார்கள். என் சமையலறைக் காலண்டர் கணக்கில் கோழிக்கு மாதம் 13, 14 வருகிறது. ஓடு லேசான பழுப்பு. அடை உட்காராது. தாய் இல்லாத குஞ்சு என்பதால் முதல் மூன்று வாரம் பல்பு போட்டுக் காப்பாற்றவேண்டும். கரண்ட் போன ஒரு ராத்திரியில் நாலு குஞ்சு போனது என் சோம்பேறித்தனத்தால்.

இப்போது கூட்டில் கிராமப்ரியா 6, சிறுவிடைப் பெட்டை 4, கழுத்தறுத்தான் 1, சிறுவிடைச் சேவல் 1. கழுத்தறுத்தானைப் பார்க்கச் சகிக்காது, உரித்த கோழி நடந்து வருவது போல இருக்கும். ஆனால் சித்திரை வெயிலில் மற்றதெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிழலில் கிடக்கும்போது அது மட்டும் மேய்ந்துகொண்டிருக்கும். கழுத்தில் இறகில்லாததால் சூடு இறங்கிவிடுகிறது.

உங்கள் வீட்டில் எது எதோடு ஒத்துப்போனது, எது போகவில்லை? விற்கிறவர்கள் சொல்லும் கணக்கு வேண்டாம், காலண்டரில் கிறுக்கிய கணக்கு போதும்.

சிவகங்கையிலிருந்து

அக்கா, நான் உங்களுக்கு நேர் எதிர்ப்பக்கம் மாட்டினவன். எங்க பக்கம் பெருவிடை, அதான் பெரிய சண்டைக்கோழி, வச்சிருந்தா ஒரு கெத்து. ஒரு சேவலும் ரெண்டு பெட்டையும் நின்னுச்சு. முட்டை வேணும்னு வீட்ல நச்சரிச்சாங்க. சரின்னு முட்டைக்கோழியான வெள்ளை லெகான் நாலு வாங்கி அதே வாசல்ல விட்டேன்.

லெகானுக்குப் பெட்டையா இருந்தாலும் கொண்டை பெருசு, ஒரு பக்கமா மடிஞ்சு தொங்கும். பெருவிடைக்குக் கொண்டை இருக்கிற இடமே தெரியாது. சண்டைன்னு வந்தா இதுதான் வித்தியாசம், பிடிக்க ஒருத்திக்கு இடம் இருக்கு, இன்னொருத்திக்கு இல்ல. மத்தியானம் கம்பு தூவினேன். பெருவிடைப் பெட்டை ஒன்னு ஓடி வந்து ஒரு லெகானோட கொண்டையைப் புடிச்சு உலுக்குச்சு. ரத்தம் வந்துச்சு பாருங்க, அதுவரைக்கும் சும்மா நின்ன மத்த லெகானுங்களும் சேர்ந்து அதையே கொத்துதுங்க! சொந்த ஜாதியாம். சிவப்பைக் கண்டா கோழிக்குச் சொந்தமும் கிடையாது பந்தமும் கிடையாதுன்னு அன்னைக்குத்தான் பார்த்தேன். அது எப்படியோ தப்பிச்சு வேப்பமரத்துல ஏறிருச்சு. சாயங்காலம் எறக்கிப் பார்த்தா ஒரு கண்ணு வீங்கி மூடியே போச்சு.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைச்சுப் போட்டுப் கூடை மாதிரி இருக்கிற பஞ்சாரத்துக்குள்ள தனியா கவுத்து வச்சேன். பஞ்சாரம் அதே வாசல்லதான். வெளிய நிக்கிறதும் உள்ள நிக்கிறதும் பத்து நாள் மூஞ்சியை மூஞ்சி பார்த்துக்கிட்டுச்சுங்க. அதுக்கப்புறம் ராத்திரி அடையுற நேரத்துல கூட்டுக்குள்ள வச்சேன், விடிஞ்சு பெரிய தகராறு இல்ல. இரைத் தட்டையும் தள்ளித்தள்ளி மூணு இடத்துல வச்சேன். பொண்ணுங்க சண்டை அதோட அடங்குச்சு.

அடங்காதது சேவல். நாலு கிலோ. லெகான் ஒன்றரைக் கிலோ இருந்தா பெருசு. மிதிச்சு மிதிச்சு முதுகுல இறகே இல்லாம, நகம் கிழிச்சு ஒன்னு புழு வச்சுச் செத்துப்போச்சு. கலந்து வளர்க்கிறவங்க பெட்டை என்ன ரகம்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி சேவல் எத்தனை கிலோன்னு பாருங்க. முட்டை தின்ன மட்டும்தான்னா சேவலே தேவையில்லை, பெட்டை அது பாட்டுக்கு வைக்கும். இதை எங்க அப்பாவை நம்ப வைக்க ஒரு வருஷம் ஆச்சு.

தஞ்சாவூர், ஒரத்தநாடு பக்கத்திலிருந்து

எங்கள் வீட்டில் வனராஜாவும் சிறுவிடையும். வனராஜா உருவத்துக்கு வாங்கியது, கறிக்கும் ஆகும் முட்டைக்கும் ஆகும் என்றார்கள். முட்டை நன்றாகப் பெரிது, வருஷத்துக்கு நூற்றுச் சொச்சம். ஆனால் அடை உட்கார ஆள் கிடையாது. எனவே வனராஜா முட்டையைச் சிறுவிடைக்கு வைத்தோம்.

முதல் தடவை ஆசைப்பட்டு 13 முட்டை. அம்மா வழக்கம்போலக் கூடையில் வைக்கோல் போட்டு, இடி இறங்கக்கூடாது என்று ஓரத்தில் ஓர் ஆணியும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் சொருகினார். ஐப்பசி மாதம், இடிக்குக் குறைவில்லை. ஆணி அதன் வேலையைப் பார்த்தது என்றே வைத்துக்கொள்வோம். பிரச்சினை வேறு: சின்னக் கோழி, பெரிய முட்டை, 13-ஐயும் மூட இறக்கை எட்டவில்லை. கோழி புரட்டப் புரட்ட ஒவ்வொரு முட்டையும் ஒரு முறை ஓரத்துக்கு வந்து குளிர்ந்திருக்கிறது. பொரித்தது 5, மீதி கூமுட்டை. அடுத்த தடவை எட்டு வைத்தேன், ஏழு பொரித்தது.

அந்த ஏழில்தான் இன்னொரு பாடம். வளர்ந்து வந்த பெட்டை நாலும் நாலு விதம். ஒன்று தாய் மாதிரி, ஒன்று குட்டையாக, ஒன்று அடை உட்காருகிறது, ஒன்று வாரம் ஒரு முட்டை. கால்நடை மருத்துவமனைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். "அது கலப்பினம்மா, அடுத்த தலைமுறையில பிரிஞ்சுதான் போகும். அதே மாதிரி வேணும்னா திரும்பக் குஞ்சு வாங்கித்தான் ஆகணும்" என்றார். வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. நாட்டுக்கோழி அப்படியில்லை, ஒரு தடவை வாங்கினால் வம்சம் ஓடும்.

அக்காவுக்கு ஒரு கேள்வி. குஞ்சு, முட்டைக்கோழி, அடைக்கோழி எல்லாம் ஒரே வாசலில் இருக்கும்போது தீவனத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

மதுரையிலிருந்து

கருங்கோழி வச்சிருக்கேன், கடக்நாத். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாக்காரங்க 2018-ல புவிசார் குறியீடு வாங்கின அதே கோழிதான். கறி, எலும்பு, நாக்கு எல்லாம் கறுப்பு. முட்டை மட்டும் கறுப்பு இல்லை சாமி! வெளிர் பழுப்புதான். வாரத்துக்கு ரெண்டு பேராவது போன் பண்ணி "கறுப்பு முட்டை இருக்கா"ன்னு கேக்குறாங்க. வச்சு விக்கிறவனைப் பார்த்தா எனக்கும் சொல்லுங்க, என்ன சாயம்னு கேட்டுக்கிறேன். கூட்டத்துல சேர்றதுல தொந்தரவில்லை. அடை உட்கார்றதுல சோம்பேறி, முட்டைக்குன்னு வாங்கினா ஏமாந்துதான் போவீங்க.

கன்னியாகுமரி, குலசேகரத்திலிருந்து

எங்களுக்குக் கேரளா கிட்டக்க. கேரள வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கின கிராமலட்சுமி வாங்கினோம், ஆஸ்ட்ரலார்ப்பும் லெகானும் கலந்தது. வெள்ளை உடம்புல அங்கங்க கறுப்புப் புள்ளி. முட்டை குறை சொல்ல முடியாது. ஆனா ரப்பர் தோட்டத்துக்குள்ள வெள்ளைக் கோழி மேயுறது, துணி காயப்போட்ட மாதிரி தூரத்துலயே தெரியும். பருந்து ஒரு மாசத்துல மூணு தூக்கிச்சு. கூட மேய்ஞ்ச தவிட்டு நிறக் கோழி ஒன்னுகூடப் போகலை. இப்போ வெள்ளை ரெண்டுக்கு மேல வைக்கிறதில்லை. நிறத்தையும் பார்த்து வாங்கணும்னு எந்தப் புத்தகத்துலயும் நான் படிக்கலை.

திருவண்ணாமலை, போளூரிலிருந்து

எல்லோரும் ரகம் ரகம் என்கிறீர்கள். என்னிடம் எல்லா ரகமும் இருந்தது: அசீல் என்கிற பெருவிடை, சிறுவிடை, கிராமப்ரியா, ரோட் ஐலண்ட் ரெட். மொத்தம் 31. தை மாதம் சந்தையில் அழகாக இருக்கிறதே என்று ஒரு கொண்டைக்கோழி வாங்கினேன். அன்றைக்கே கூட்டத்தோடு விட்டேன். அது நாலாம் நாள் இறக்கையைத் தொங்கவிட்டு நின்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். அந்த வாரமே மற்றதுக்கும் வந்தது. ஒரு சேவல் கழுத்தை முறுக்கித் தலையை முதுகுப்பக்கம் திருப்பிக்கொண்டு வட்டம் வட்டமாகச் சுற்றியது. அதை இன்னும் மறக்க முடியவில்லை. பன்னிரண்டு நாளில் 28 போனது. நாட்டுக்கோழிக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம் என்பார்களே, வெள்ளைக்கழிச்சல் நோய் அதையெல்லாம் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு தடுப்பு மருந்து தவறுவதில்லை: ஏழாம் நாள் குஞ்சுக்குக் கண்ணில் ஒரு சொட்டு, நாலாவது வாரம் தண்ணீரில், எட்டு வாரம் தாண்டியதும் இறக்கைத் தோலில் ஊசி. பிப்ரவரியில் கால்நடைத் துறை இலவச முகாம் போடுவார்கள், அதையும் விடுவதில்லை. மருந்தை ஐஸ் டப்பாவில்தான் கொண்டுவரவேண்டும், சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்தால் தண்ணீருக்குச் சமம். புதுக்கோழி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு மாதம் தனிக் கூண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கட வீட்டில ஊர்க்கோழி ஏழும் பண்ணைக்கோழி நாலும். ஊர்க்கோழி முருங்கை மரத்தில ஏறித்தான் படுக்கும், கூட்டுக்குள்ள வராது. பண்ணைக்கோழி கூட்டை விட்டு வெளிக்கிடாது. அதனால சண்டையே இல்லை, ஆளை ஆள் காணுறது குறைவு! முட்டை மட்டும் ஊர்க்கோழி எங்க இடுதெண்டு தேடித் திரியிறதுதான் வேலை. போன கிழமை விறகுக் கும்பிக்குள்ள ஒன்பது கண்டெடுத்தன்.

மோகனூரிலிருந்து மறுபடியும்

ஒரத்தநாட்டு அம்மாவுக்கு: தீவனத்தைப் பிரிப்பது பெரிய வித்தை இல்லை. எல்லோருக்கும் பொதுவாகக் கம்பு, மக்காச்சோளக் குருணை, கொஞ்சம் புண்ணாக்கு. லேயர் தீவனத்தைக் குஞ்சு தின்னக்கூடாது, அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எனவே கிளிஞ்சலை உடைத்துத் தனிச் சட்டியில் வைத்துவிடுகிறேன். முட்டை வைக்கிற கோழி சாயங்காலம் தானே வந்து பொறுக்கித் தின்னும். ஒரு முட்டை ஓட்டுக்கு இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்தாவது வேண்டும், ஓடு கட்டுவது ராத்திரியில். சேவல் அந்தச் சட்டியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. குஞ்சுக்குத் தீவனம் பஞ்சாரத்துக்குள். பஞ்சாரப் பின்னலின் இடைவெளி வழியாகக் குஞ்சு நுழையும், பெரிய கோழி நுழையாது.

நாலு சிறுவிடையும் ஒரே நேரத்தில் அடை உட்கார்ந்தால்தான் சிக்கல். மாமியார் அதன் இறகையே பிடுங்கி மூக்கில் குத்தித் தெளியவைப்பார். எனக்கு அது பொறுக்காது. அடியில் கம்பி வலை உள்ள கூண்டில் மூன்று நாள் விடுகிறேன், வயிற்றுக்குக் கீழே காற்றுப் போனால் அடை தெளிகிறது. நாலில் ஒன்றைத் தெளியவைக்காமல் கிராமப்ரியா முட்டை வைக்கிறேன். பிரிந்து போகும் என்று தெரியும். இருந்தாலும் பரவாயில்லை, பல்பு எரிக்கும் வேலை மிச்சம்.

பண்ணைக் கோழியில் ஒன்று மிஞ்சியது என்றேனே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது இரண்டு வருஷம் இருந்தது. சிறுவிடைகள் மண்ணில் புரளுவதை முதலில் தள்ளி நின்றே பார்க்கும். ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் பார்க்கிறேன், அதுவும் பக்கத்தில் குழி பறித்து, கண்ணை மூடிக்கொண்டு, இறக்கைக்குள் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறது. வெள்ளைக் கோழி செம்மண் நிறமாகிவிட்டது. அலகு முழுசாக வளரவில்லை, ஆனாலும் கரையானைப் பக்கவாட்டில் தலையைச் சாய்த்து அள்ளக் கற்றுக்கொண்டது. வாரத்துக்கு இரண்டு முட்டை வைத்தது.

கூட்டுக்குள் மட்டும் கடைசிவரை தானாகப் போகவில்லை. இருட்டினதும் கூட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான்தான் தூக்கி உள்ளே வைப்பேன்.